வேனின் கடைசி வரிசை

மே 21, செவ்வாய்

டெல்லாவுக்கு இன்று டிராவல் டீம் தேர்வு. முதுகில் 43 என்று எண் ஒட்டினார்கள். மார்லிக்கு 44. இரண்டும் ஐந்து வயதிலிருந்து எங்கள் ஊர் அணியில் ஒன்றாகப் பந்து உதைத்தவை. ஊர் அணி என்றால் யார் பெயர் கொடுத்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். இது அப்படியில்லை. நூறு பெண்கள் வந்தாலும் ஓர் அணிக்குப் பதினாறு பேரைத்தான் எடுப்பார்கள், வாராவாரம் வெளியூர் போய் ஆட வேண்டும்.

பாதியில் மழை கொட்டியது. பிள்ளைகள் நனைகிறார்களே என்று கிடைத்தவர்களை எல்லாம் என் வேனில் ஏற்றிக்கொண்டேன். சேறும் ஷூவுமாக உள்ளே நாறிப்போனது. கோச் நீல் தொப்பியில் நீர் சொட்டச் சொட்ட வந்து எட்டிப் பார்த்தார். "எத்தனை பேர் உட்காரலாம் இதுல?"

"எட்டு பேர்."

"அடேயப்பா! பஸ்ஸே வச்சிருக்கீங்க. உங்க பேரு?"

"ஹெய்டி. டெல்லாவோட அம்மா."

"டெல்லா," என்று தன் பலகையில் எழுதிக்கொண்டார். நூறு பேரில் என் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்! வீடு வரும்வரை எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

மே 22, புதன்

43 முதல் அணியில் இருக்கிறது. 44 எந்த அணியிலும் இல்லை.

இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். நான் மின்னஞ்சலைப் படித்து முடிக்கும் முன்பே சம்மதம் கொடுத்துவிட்டேன்.

"அவகிட்ட கேட்டியா?" என்றான் ராண்டி. கட்டிக்கொண்டவனுக்கு எப்போதும் இந்த மாதிரி ஒரு கேள்வி இருக்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது? பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். துள்ளினாள். அப்புறம், "மார்லி?" என்றாள்.

"மார்லிக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

மே 24, வெள்ளி

கிரெட்சன் போன் செய்தாள். மார்லியின் அம்மா. ஆறு வருடமாகச் சனிக்கிழமைக் குளிரில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் நாங்கள். "மார்லிதானே அன்னிக்கு ரெண்டு கோல் போட்டா? எனக்குப் புரியவே இல்ல ஹெய்டி," என்றாள்.

"எல்லாரும் ஒரே தரமா இருக்க முடியாதுல்ல, கிரெட்சன்," என்றேன். அவ்வளவுதான். சட்டென்று பேச்சை முடித்துக்கொண்டாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? உள்ளதைச் சொன்னேன். பொறாமை. வேறென்ன?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெற்றோர் கூட்டம். கோச் இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று, ஓரத்தில் நின்று கத்தக் கூடாது, கைதட்டலாம். இரண்டு, ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்கு யாரும் அவரிடம் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. "சூடு ஆறட்டும், அப்புறம் பேசலாம்," என்றார். நல்ல சட்டம் என்று நான்தான் முதலில் தலையாட்டினேன்.

பயிற்சி நாற்பது மைலுக்கு அப்பால், வாரத்தில் மூன்று மாலை. கோச் நேராக என்னிடம் வந்தார். "ஹெய்டி, லெக்சி, பெய்டன், ஸ்லோன் மூணு பேரும் உங்க பக்கம்தான் இருக்காங்க. அவங்க வீட்ல எல்லாம் ஷிஃப்ட் வேலை. உங்களால முடியுமா?"

லெக்சியும் பெய்டனும் இந்த அணியின் இரண்டு கை. ஸ்லோன் கோல்கீப்பர். அந்த மூன்று பேரும் என் பெண்ணோடு ஒரே வண்டியில்! முடியுமா என்றா கேட்கிறீர்கள்?

ஆகஸ்ட் 10, சனி

வேனின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினேன். கழகத்தின் சின்னமான நீலக் கொக்கு, கீழே DELLA, அதற்குக் கீழே அவள் சட்டை எண் 17. நேராக வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. டெல்லா வாசலில் நின்று பார்த்தாள்.

"இவ்வளவு பெருசா வேணுமாம்மா?"

"பின்னால வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?"

ஆகஸ்ட் 24, சனி

முதல் ஆட்டம். நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தபோது, கடைசியில், போனால் போகிறது என்று டெல்லாவை இறக்கினார். பந்து அவள் பக்கம் வரவே இல்லை.

இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சட்டம். அதனால் இங்கே எழுதுகிறேன் — ஏன்யா, நான்கு கோல் முன்னால் இருக்கும்போதுகூட என் பிள்ளையை நம்பி பத்து நிமிஷம் விட முடியாதா? அவள் என்ன பந்தைத் தின்றுவிடுவாளா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சூடு ஆறவில்லை. நேரம் மட்டும் ஆகிவிட்டது. கோச்சுக்குப் போன் செய்தேன்.

"டெல்லா ரொம்ப நல்ல பொண்ணு. எல்லாரையும் உற்சாகப்படுத்துறா. கொஞ்சம் பொறுமையா இருங்க, வளர்ந்துட்டிருக்கா," என்றார். எனக்கும் மனசு இளகிவிட்டது. நன்றிகூடச் சொன்னேன். வைக்கப்போகும்போது, "அப்புறம் ஹெய்டி, செவ்வாய்க்கிழமை லெக்சிக்குத் தனிப் பயிற்சி. அரை மணி முன்னாடி கூட்டிட்டு வந்துடறீங்களா?" என்றார்.

வந்துவிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

வண்டியில் யார் எங்கே என்பது தானாகவே முடிவாகிவிட்டது. நடு வரிசையில் அந்த மூன்று பேர். என் பக்கத்து இருக்கையில் அவர்களுடைய பைகள். கடைசி வரிசையில் மடக்கு நாற்காலிகள், பந்து மூட்டை, கூடாரம், டெல்லா.

"மிஸ் ஹெய்டி, ஏசியைக் கூட்டுங்க."

"மிஸ் ஹெய்டி, பாட்டை மாத்துங்க, இது பழசு."

"மிஸ் ஹெய்டி, பசிக்குது, அந்த பர்கர் கடையில நிறுத்துங்க."

எல்லாம் செய்தேன். பின்னால் ஏசி எட்டாது. கண்ணாடியில் பார்த்தால் டெல்லாவின் நெற்றி மட்டும் தெரிகிறது, முடி வேர்வையில் ஒட்டிக்கொண்டு. "நடுவுல ஒருத்தர் பின்னாடி போங்களேன், மாறி மாறி உட்காரலாம்," என்றேன். பெய்டன், "எனக்குப் பின்னாடி உட்கார்ந்தா வாந்தி வரும்," என்றாள். மற்ற இருவருக்கும் உடனே அதே வியாதி வந்துவிட்டது. டெல்லா, "பரவால்லம்மா, ஓட்டு," என்றாள்.

செப்டம்பர் 28, சனி

இன்று இறக்கவே இல்லை. மடித்து வைத்த துண்டுபோல ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். ஷூவில் மண்கூட இல்லை.

அக்டோபர் 5, சனி

மருந்துக் கடையில் கிரெட்சனைப் பார்த்தேன். ஊர் அணியில் மார்லிதான் இப்போது கேப்டனாம். "டெல்லா எப்படி ஆடுறா?" என்று கேட்டாள். "பிரமாதமா ஆடுறா," என்றேன். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் அவள். "நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

இண்டியானா மாநிலத்தில் போட்டி. தோற்றோம். லெக்சிக்குக் கணுக்கால் பிசகியதால் டெல்லாவை இறக்கினார்கள். பதற்றத்தில் பந்தை எதிரணிக்காரியின் காலிலேயே உதைத்தாள். அது கோலானது.

திரும்பி வரும்போது வண்டியில் மூன்று பேரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிறவளுக்குக் காது இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. ஸ்டீரிங்கும் நானும் அவர்களுக்கு ஒன்றுதான். லெக்சி ஐஸ் கட்டியைக் கணுக்காலில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"நீ எல்லாம் எதுக்கு டீம்ல இருக்கேன்னு தெரியும்ல? எங்களைக் கூட்டிட்டு வர ஆளில்லாம நாங்க வேற கிளப்புக்குப் போறதா இருந்தோம். உங்கம்மாகிட்ட வேன் இருக்குன்னு கோச் உன்னை எடுத்தாரு. அவரே எங்கப்பாகிட்ட சொன்னாரு."

"ஏய், சும்மா இரு," என்று ஸ்லோன் அவளை இடித்தாள்.

முன்னால் லாரி போகிறது, பிரேக் விளக்கு சிவக்கிறது, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அழப்போகிறாள், இப்போது அழப்போகிறாள் என்று கண்ணாடியையே பார்த்தேன்.

டெல்லா சீஸ் பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தாள். "தெரியும்," என்றாள்.

அவ்வளவுதான். மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று பேரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கினேன். ஆமாம், இறக்கினேன். நடுவழியில் தள்ளிவிட்டா வர முடியும்? பெய்டனின் அப்பா வாசலில் நின்று கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் சமையலறையில் கேட்டேன். "எப்பத்திலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"ஏன்டி சொல்லல என்கிட்ட?"

"நீ ஸ்டிக்கர் ஒட்டிட்டிருந்தே."

பாலை ஊற்றிக்கொண்டாள். ரெண்டு மாசம்! என் பிள்ளை ரெண்டு மாசமா மனசுல வச்சுக்கிட்டு, பின்னாடி கூடாரத்தோட கூடாரமா உட்கார்ந்து வந்திருக்கு. நான் என்ன பண்ணேன்? பாட்டை மாத்திப் போட்டுட்டிருந்தேன்.

"விட்டுடலாம். நாளையிலிருந்து போக வேண்டாம்," என்றேன்.

"பாதியில விடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே? சேர்ந்தா சீசன் முடியற வரைக்கும் ஆடணும்னு."

சொல்லியிருக்கிறேன். பியானோவுக்குச் சொன்னேன், நீச்சலுக்குச் சொன்னேன். இந்த ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். பதினொரு வயதுக்காரி என் வாயையே என்மீது திருப்பிவிட்டாள்.

"நீ அவகிட்ட கேட்டிருக்கணும், ஹெய்டி," என்கிறான் ராண்டி. கேட்டிருக்கணுமாம். அறிவு இவனுக்கு எப்போதும் சரியான நேரத்தில் வரும்.

அக்டோபர் 15, செவ்வாய்

சட்டப்படி இப்போது பேசலாம். மூன்று முறை போனை எடுத்தேன், கோச்சின் பெயர்வரை போய் வைத்துவிட்டேன். சண்டைக்குப் பயந்து இல்லை. அவர் இல்லையென்று மறுத்தால் பொய் என்று தெரியும். ஆமாம் என்றால்? ஆமாம் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சாயங்காலம் மூன்று பேரையும் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். கணுக்காலில் கட்டோடு லெக்சியை அரை மணி முன்னதாக.

நவம்பர் 9, சனி

லெக்சி இறங்கும்போது கதவைச் சாத்துவதில்லை. நான் பொத்தானை அழுத்தினால் அது தானாகச் சாத்திக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

பனி உருகி மறுபடி ஆட்டம். டெல்லாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இடைவேளையில் தண்ணீர் பாட்டில்களை எடுத்துப்போய்க் கொடுக்கிறாள். கோச் அவள் தலையைத் தட்டி, "டீமோட உயிரே நீதான்," என்கிறார். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று இருந்தது. சட்டப்படி கைதட்டினேன்.

மே 19, திங்கள்

நாளை அடுத்த வருடத்துக்கான தேர்வு. கோச் நீல் போன் செய்தார்.

"ஹெய்டி, டெல்லா நாளைக்கு வரணும்னே இல்ல. அவளுக்கு இடம் உறுதி."

எழுதவே கூசுகிறது. ஒரு கணம் — ஒரே ஒரு கணம் — எனக்குள் ஏதோ துள்ளியது. ஒருவேளை நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டாளோ! எல்லாம் தெரிந்தும் இந்தப் பாழும் மனசு துள்ளுகிறது.

"இந்த வருஷம் உங்க பக்கத்துலேர்ந்து இன்னொரு பொண்ணும் வருவா போலிருக்கு. உங்க வண்டியில தாராளமா இடமிருக்குல்ல?" என்றார்.

"இருக்கு," என்றேன்.

"அப்ப வச்சுக்கலாமா?"

"சூடு ஆறட்டும் கோச். இருபத்துநான்கு மணி நேரம் கழிச்சுப் பேசலாம்."

வைத்துவிட்டேன். அதன்பிறகு அவர் எண்ணிலிருந்து வந்த எதையும் எடுக்கவில்லை. டெல்லாவிடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன். "அடுத்த வருஷம் என்ன பண்ணலாம்?"

"ஊர் டீமுக்கே போயிடறேன். மார்லி இருக்கா," என்றாள்.

ஜூன் 7, சனி

ஸ்டிக்கரைச் சுரண்டினேன். கொக்கு உரிந்து வந்துவிட்டது. பெயர் வரவில்லை. வெயிலில் பசை இறுகிப்போயிருக்கிறது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

செப்டம்பர் 27, சனி

ஊர் மைதானம். நல்ல குளிர். டெல்லா ஆட்டம் முழுவதும் ஆடினாள், முட்டி வரை சேறு. தடுப்பாட்டத்தில் நன்றாகவே ஆடுகிறாள். ஆனால் பந்து காலுக்கு வந்ததும் ஓரத்தைத் திரும்பிப் பார்க்கிறாள், யாராவது தன்னை வெளியே கூப்பிடுகிறார்களா என்று. யாரும் கூப்பிடவில்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறாள்.

கிரெட்சன் போர்வைக்குள் வேறொருத்தியோடு உட்கார்ந்திருந்தாள். "வா ஹெய்டி, உன் நாற்காலியை அங்க போட்டுக்கோ," என்று நாலு பேர் தள்ளிக் கை காட்டினாள். மரியாதையாகத்தான் சொன்னாள். போட்டுக்கொண்டேன்.

முடிந்ததும் டெல்லா மார்லியிடம் ஓடினாள். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் என் வண்டியில் ஏறிக்கொள்ள, டோனட் கடைக்குப் போவோம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை.

"மார்லி, வர்றியா?" என்று கேட்டாள் டெல்லா.

மார்லி தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "இன்னிக்கு வேண்டாம். நாங்க எல்லாரும் வேற இடத்துக்குப் போறோம்," என்றாள்.

"சரி," என்றாள் டெல்லா. லெக்சியிடம் தெரியும் என்று சொன்னாளே, அதே குரல்.

வண்டிக்கு வந்தோம். எட்டு இருக்கை, இரண்டு பேர். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். டெல்லா நடு வரிசையைத் தாண்டி உள்ளே போய் கடைசியில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு, அதான் யாருமே இல்லையே. முன்னாடி வந்து உட்காரு."

"இல்லம்மா, இங்கயே இருக்கேன். ஓட்டு."

ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்தேன். அதுவும் பின்னால் எட்டாது.