ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் காப்பு மூடியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
கதவு, ஜன்னல் பட்டறை நடத்துபவர்,
மரக்கடைக்குப் பின்சந்து.

பெறுநர்:
தொழிற்கூடப் பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
ஆய்வு அலுவலகம், முதல் மாடி.

பொருள்: இழைப்பு மெஷினின் காப்பு மூடி தங்கள் அலுவலகத்திலேயே கிடைத்துவிட்டது – அதை இன்றே திருப்பித் தந்து, மெஷினைப் பார்வையிட்டு, சீலை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சீல் வைப்பு உத்தரவு, சென்ற மாதம் நான்காம் தேதியிட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சீல் வைத்த அன்று தாங்கள் கழற்றி எடுத்துச் சென்ற மேற்படி மூடியைக் காணவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் என்னிடம் மூன்று முறை சொல்லப்பட்டது. அது காணாமல் போகவில்லை ஐயா! இன்று காலை பத்தேகால் மணிக்கு என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எழுத்தர் அம்மாவின் மேசைக்குப் பின்னால் உள்ள ஜன்னல் மூடிக்கொள்ளாமல் இருக்க, அதைத்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதே சிவப்புப் பெயின்ட், அதே நெளிந்த மூலை.

2. உடனே கேட்டேன். அலுவலக உதவியாளர், "அதுவாம்மா? அதை எடுத்தா ஜன்னல் படார்னு சாத்திக்குமே" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அது என்ன பொருள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனவே நானே சொல்கிறேன். இழைப்பு மெஷினில் உருளையோடு சேர்ந்து மூன்று பிளேடுகள் சுழலும். மரத்தைத் தள்ளும்போது இந்த மூடி விலகி வழிவிடும். மரம் கடந்ததும் தானே திரும்பி வந்து பிளேடுகளை மறைத்துக்கொள்ளும். மரத்துக்கு வழி, விரலுக்குத் தடை. அவ்வளவுதான் அதன் வேலை.

3. அந்த மூடியைக் கம்பியால் இழுத்துக் கட்டி ஒதுக்கி வைத்தது நான்தான். ஆய்வு நாளன்று, "நான்தான் கட்டினேன்" என்று தங்களிடம் சொன்னவள் என்னோடு பட்டறையில் வேலை செய்யும் என் நாத்தனார். அது பொய் ஐயா. அண்ணிக்குத் திட்டு விழக் கூடாதென்று அவள் சொன்ன பொய். தாங்கள் சீல் வைத்தது முற்றிலும் சரி. அன்று தங்களை மனதுக்குள் வாயார வைதேன். அதை இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன்.

4. ஏன் கட்டினேன்? மரம் நகராமல் திணறியது. மூடி சிக்குகிறது, அதுதான் சனியன் என்று முடிவு கட்டிவிட்டேன். தாங்கள் மூடியைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. சீல் ஸ்விட்ச் பெட்டிக்கு மட்டும்தான் என்பதை உத்தரவை நான்கு முறை படித்து உறுதி செய்துகொண்டே மெஷினைத் தொட்டேன். மூடி சுழலும் குழியிலும் ஸ்பிரிங்கிலும் மரப்பிசினும் தூளும் கெட்டிப்பட்டுக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஸ்பிரிங் சும்மா துள்ளுகிறது! பிளேடுகளைக் கழற்றிப் பார்த்தால் மூன்றும் மொக்கை. அதிலும் ஒன்று மற்ற இரண்டைவிட ஒரு தாள் கனம் தூக்கலாக இருந்திருக்கிறது. மூன்றையும் சாணை பிடித்து, நேரான சட்டம் வைத்துப் பார்த்து, மெஷினின் பின்பக்க மேசை மட்டத்துக்கு ஒன்றுபோல இறுக்கியிருக்கிறேன். பழி மூடிமேல், குற்றம் முழுக்க என்மேல்.

5. உத்தரவின்படி, மூடி பொருத்தப்பட்டிருப்பதைக் கண்ட பிறகே சீல் அகற்றப்படும். மூடியோ தங்கள் வசம். நாற்பத்திரண்டு நாட்களாக மெஷின் ஒருபக்கம், மூடி ஒருபக்கம்.

6. இந்த நாற்பத்திரண்டு நாட்களும் என் நாத்தனார் சந்து முனைப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கேயும் இழைப்பு மெஷின்தான். அதற்கு மூடியே கிடையாது. வாங்கும்போதே இல்லையாம். அந்த முதலாளியைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. ஆனாலும் தாங்கள் அந்தப் பக்கம் ஒரு நடை போனால் நல்லது. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் கையைத்தான் பார்க்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்து, "பத்தும் இருக்கு அண்ணி, எண்ணிக்கோங்க" என்கிறாள். நான் உண்மையிலேயே எண்ணுகிறேன் ஐயா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எண்ணுகிறேன்.

7. இன்று மதியம் இரண்டு மணிக்கு அங்கே அவளுக்குக் குட்டைச் சட்டங்கள் இழைக்கும் வேலை. மரம் குட்டையாக இருந்தால்தான் விரல் பிளேடுக்கு மிக அருகே போகும். இப்போது மணி பதினொன்றரை. தங்கள் அலுவலகத்திலிருந்து என் பட்டறை நடந்தால் பன்னிரண்டு நிமிடம். காலையில் ஓடினேன், ஏழு.

ஆகவே, மூடியை இப்போதே என் கையில் தர உத்தரவிட்டு, தாங்களும் உடன் வந்து பார்வையிட்டு, சீலை அகற்றுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பொருத்த ஐந்து நிமிடம் போதும். ஸ்பேனர் என் பையிலேயே இருக்கிறது. சீல் போன மறு நிமிடம் நானே சந்து முனைக்குப் போய் அவளைக் கையோடு அழைத்து வந்துவிடுவேன். தாங்கள் வரும்வரை இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம், தகவலாகக் கொள்ளவும்.

நாள்: இன்று, புதன்கிழமை.
இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு.

தங்கள் காலடி ஓசைக்குக் காது கொடுத்திருக்கும்,
(கையொப்பம்)
பட்டறைக்காரி

இணைப்பு:
1. சீல் வைப்பு உத்தரவின் நகல்.
2. தங்கள் ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கத் தேக்குக் கட்டை ஒன்று. சற்று முன் பட்டறைக்கு ஓடிப்போய் எடுத்து வந்தது. மெஷின் சீலில் இருப்பதால் கையால் இழைத்தேன். சற்று முன்பின் இருக்கும், பொறுத்தருளவும்.
3. மூடியை நான் கட்டி வைத்திருந்த கம்பி. இது எனக்குத் திரும்ப வேண்டாம்.