சாயம் நிற்காத சிவப்புத் துண்டுகள்

இன்று காலை எங்கள் தெருவில் ஒருவர் கயிறு விற்றுக்கொண்டு போனார். நான் தறியில் இருந்தேன். வாசல் படுதாவைத் தாண்டி, ஊறிய கற்றாழை மட்டையின் அந்தப் புளித்த வாடைதான் முதலில் வந்தது. கயிற்றுக்காரரின் குரல் பிறகுதான் வந்தது. என் கை நின்றுவிட்டது. நூல் சுற்றிய ஓடம் இழைகளுக்கு நடுவே பாதி வழியில் கிடந்தது. நீதான் வந்துவிட்டாய் என்று எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. உட்கார்கிறேன், எழுகிறேன், முற்றத்துக்கும் அறைக்குமாக நடக்கிறேன். கடைசியில் மகளின் பள்ளிக்கூடத் தாளில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன். உனக்கு எழுத்துத் தெரியாது. நீ இருந்திருந்தாலும் யாராவது வாசித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். ஆனாலும் எழுதுகிறேன்.

கயிற்றுக்காரியான நீ முதன்முதலில் மதுரையில் இந்த வீட்டுக்கு வந்தது உறி விற்பதற்கு. ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுபோன வருஷம் அது. அங்கே குண்டு விழுகிறது என்றார்கள், ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள். வந்தவர்களில் அவர் இல்லை. பிறந்த வீட்டில் என் அத்தாவிடம் கற்ற நெசவு ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. நடு அறையில் தறி போட்டுத் தலைத்துண்டும் தோள்துண்டும் நெய்துகொண்டிருந்தேன். நீ முற்றத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடித்து அடுக்கியிருந்த துண்டுகளைப் பார்த்தாய்.

"இம்புட்டையும் யாரு தாயி வாங்குறது?"

"தரகர் வந்து எடுத்துட்டுப் போவாரு."

"அவரு வரலைன்னா?"

அவர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"எங்கிட்டக் குடுங்க. கயித்தோட சேத்துக் கொண்டுட்டுப் போறேன். ஒத்தக்கடையில இருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் என் காலு மிதிக்காத ஊரு இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நீ வீட்டில் தங்குவதேயில்லை. உன் கூடையில் மாட்டுக் கயிறு, உறி, பானை வைக்கும் பிரிமனை, அவற்றுக்கு மேலே வெள்ளைத் துணியில் சுற்றிய என் துண்டுகள். திரும்பி வரும்போது ஒவ்வொரு ஊரையும் கொண்டுவருவாய். எந்த ஊர்க்காரர்கள் அகலக் கரை கேட்கிறார்கள், எங்கே கட்டம் போட்டதை விரும்புகிறார்கள், எந்த வீட்டு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் தன் தம்பிக்கு ஒன்று வாங்கினாள் என்று நீ சொல்லச் சொல்ல, நான் பார்க்காத வயல்களில் என் துண்டுகள் நடமாடுவது எனக்குத் தெரியும்.

அந்த வீடுகளில் பலவற்றில் நீ படி ஏற முடியாது என்பதை நீ சொல்லி நான் அறியவில்லை. வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. தெருவில் நின்று குரல் கொடுப்பாயாம். துண்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பாயாம். அவர்கள் எடுத்துப் பார்ப்பார்களாம். கையில் பிடித்துக் காட்டி, விரித்து, தோளில் போட்டுப் பார்க்கச் சொல்லி விற்கிற வழி உனக்கு இல்லை. வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது. எங்கள் மார்க்கத்தில் அந்த வித்தியாசம் கிடையாது, நீ எங்கள் குவளையிலேயே தண்ணீர் குடிக்கிறாய் என்று நான் எனக்குள்ளே பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனாலும் என்னைவிடப் பத்து வயது மூத்த உன்னை நான் 'நீ' என்றேன். என்னை நீ 'நீங்க' என்றாய்.

யுத்தத்தால் வெளிநாட்டுச் சாயம் வருவது நின்றுபோனது. நூலும் ரேஷன் சீட்டுக்குத்தான் கிடைத்தது. அந்தத் தை மாதத்துக்கு முன்னால் என் கொழுந்தன் எங்கிருந்தோ ஒரு சிவப்புப் பொடி வாங்கிவந்தார். மாதம் முழுவதற்கும் கிடைத்த நூலை ஒரே மூச்சில் அதில் முக்கி எடுத்தேன். காய்ந்ததும் அப்படி ஒரு சிவப்பு! மாதுளம்பூ மாதிரி. பொங்கலையொட்டி மேலூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டு நடக்கும், இளவட்டங்கள் தலையில் கட்டச் சிவப்புத்தான் கேட்பார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். இரவு பகல் பாராமல் நெய்தேன்.

முதல் துண்டை இறக்கியதும், மிஞ்சிய ஒரு சாண் துணியை வெட்டித் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் சிவந்தது. மாற்றிப் போட்டேன். மறுபடியும் சிவந்தது. சாயம் பிடிக்கப் படிகாரம் போட்டுப் பார்த்தேன். நான்காம் தடவையும் சிவந்தது. ஆனாலும் நெய்வதை நிறுத்தவில்லை.

வீட்டில் அரிசி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். பல வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்தத் துண்டுகள் அழகாக இருந்தன. நான் அதுவரை நெய்ததிலேயே அவைதான் அழகு. அவை வீண் என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய்.

"புதுச் சாயமால்ல தெரியுது. நிக்குமா தாயி?"

"தொவச்சுப் பாத்தேன். நிக்குது."

"அது போதும்" என்று சொல்லி மூட்டையைக் கட்டினாய். உன் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நீ சொன்னாய். மிச்சத்தை உன் மகள் சொன்னாள். வீடு வீடாகத் தெருவில் நின்று, "சாயம் போச்சுன்னா எம்மொகத்துல வீசுங்க" என்று சொல்லி விற்றாயாம். எல்லாத் துண்டுகளும் விற்றுப்போய்விட்டன. மஞ்சுவிரட்டு அன்று அந்தக் கண்மாய்ப் பொட்டலில் எங்கு பார்த்தாலும் சிவப்புத் தலைகள். நீயும் ஓர் ஓரத்தில் கயிறு வைத்து விற்றுக்கொண்டிருந்தாய். வெயில் ஏறியதும் இளவட்டங்கள் கண்மாயில் துண்டை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டார்கள். நெற்றியிலும் கழுத்திலும் சிவப்பு வழிந்தது. ஊர்ப் பெரிய வீட்டுக்காரியின் மகன் தடுமாறி விழுந்து எழுந்திருக்கிறான். முகமெல்லாம் சிவந்து நின்ற அவனைப் பார்த்து அவள், "ஐயோ, எம்புள்ளயக் குத்திருச்சே!" என்று அலறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவந்தாள். மாடு ஒரு பக்கம் பாய, ஜனம் ஒரு பக்கம் சிதற, ஒரு கிழவர் மிதிபட்டார். ரத்தம் இல்லை, சாயம் என்று தெரிந்ததும் முதலில் சிரித்தார்கள். பிறகு உன்னைத் தேடினார்கள்.

நீ சொன்ன வார்த்தையைத்தான் உனக்குச் செய்தார்கள். ஈரத் துண்டுகள் ஒவ்வொன்றாக உன் முகத்தில் விழுந்தன. கயிற்றுக் கட்டைக் கண்மாயில் எறிந்தார்கள். பொழுது சாயும் வரைக்கும் பொட்டலில் நிற்கவைத்தார்கள். "எவகிட்ட வாங்கியாந்த, சொல்லு" என்று கேட்டபோது நீ வாய் திறக்கவில்லை. அடுத்த நான்கு நாள், வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நீயே நடந்துபோய்த் துண்டுகளைத் திருப்பி வாங்கினாய். ஈடாக உன் கயிறுகளைக் கொடுத்தாய்.

ஐந்தாம் நாள் என் முற்றத்தில் மூட்டை இறங்கியது. உன் காது மடலிலும் முடியோரத்திலும் சிவப்பு இன்னும் போகாமல் இருந்தது.

"தொவச்சுப் பாத்தேன்னியே?"

அந்த ஒரு தடவைதான் நீ என்னை 'நீ' என்று பேசினாய்.

"பாத்தேன். அப்ப நின்னுச்சு" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தறி மூலையில், விளக்குத் துடைக்க நான் போட்டு வைத்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெட்டி நனைத்துப் பார்த்த அதே ஒரு சாண் துணி, வெளிறி ரோஸாகக் கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாய். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாய். "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

ஒரு மாதம் வரவில்லை. இனி வரமாட்டாய் என்று நினைத்தேன். நீ வரக்கூடாது என்றும் நினைத்தேன், நீ வந்தால் சொல்ல வேண்டுமே. தறியில் உட்கார்ந்தால் கால் மிதிக்க மறந்துபோகும். தெருவில் யார் நடந்தாலும் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் வழக்கம்போலக் கூடையோடு வந்து நின்றாய்.

"சாயமே வேணாம். வெள்ளையாப் போடுங்க. ஓரத்துல முடிச்சு மட்டும் அழகாப் போட்டுக் குடுங்க. நான் வித்துட்டு வாரேன்."

வெள்ளைத் துண்டுகளை நீ எப்படி விற்றாய் என்பதையும் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். "வெள்ளத் துண்டையே நனைச்சுக் காட்டச் சொல்றாக தாயி! செம்புல தண்ணி தூக்கிக்கிட்டே அலையுறேன்." நானும் சிரித்தேன். அன்று சாப்பிட முடியவில்லை.

அப்படியே யுத்தம் முடிகிற வரைக்கும் வந்தாய். வேலை முடிந்து கூடையைத் தலைக்கு ஏற்றிய பிறகும் கதவோரம் கொஞ்ச நேரம் நிற்பாய். "வேற ஒண்ணும் இல்லையே தாயி?" என்று கேட்பாய். தண்ணீர் வேண்டுமோ என்று குவளையை நீட்டுவேன். குடித்துவிட்டுப் போவாய். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்துக் கதவைச் சாத்துவேன்.

ஒரு மாசி மாதம் உனக்குப் பதில் உன் மகள் வந்தாள். ஊரில் காலரா வந்ததையும், நீ இரண்டே நாளில் போனதையும் சொல்லிவிட்டு, உன்னிடம் மிச்சம் இருந்த மூன்று துண்டுகளை என் முன்னால் வைத்தாள்.

மறுவாரம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். அதுவரை நான் தனியாக ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. உன் குடிசை வாசலில் உட்கார்ந்து உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நார் உரித்துக்கொண்டே கேட்டாள். கையை நிறுத்தவில்லை.

"ஆத்தாளுக்குத் தெரியும்மா. அன்னைக்கே தெரியும். அந்தத் துணியப் பாத்துட்டுத்தான வந்துச்சு."

"ஒருநாள்கூடக் கேக்கலையே?"

"நான் கேக்கச் சொன்னேன். அவுகளா ஒருநாளு சொல்லுவாகடி, சொல்லட்டும்னு இருக்கேன்னுச்சு."

நீ தண்ணீருக்காக நிற்கவில்லை. வருஷக்கணக்காக என் கதவோரம் எனக்காக நின்றிருக்கிறாய்.

உன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னாள். நான் தெருவிலேயே உன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அன்று சாயம் போனதற்கு உன்மேல் குற்றம் இல்லை, தெரிந்தே கொடுத்தவள் நான்தான் என்று சொன்னேன்.

"எந்தத் துண்டு? ஓ, அதுவா! ஒரு பொங்கலுக்கு எம்மவன் செவப்பா வந்து நின்னான். இப்பவும் சொல்லிச் சிரிப்போம். அதுக்கா மதுரையில இருந்து இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றாள். பிறகு உன் மகளைப் பார்த்து, "ஓன் ஆத்தா கயிறு நல்லா ஒழைக்கும். நீயும் அப்படித்தான் திரிப்பியா?" என்று கேட்டாள்.

உன்னை நிற்கவைத்ததை அவர்கள் அன்றே மறந்திருக்கிறார்கள். பொட்டலில் நின்ற நீயும், வீட்டுக்குள் இருந்த நானும் மட்டும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதேன். என் மகள் என்னவென்று கேட்டாள். அவளுக்குச் சொன்னேன்.

இப்போது உன் மகள்தான் துண்டுகளைக் கொண்டுபோகிறாள். சாயம் மறுபடி நல்லதாகவே கிடைக்கிறது. அவள் கூடையை இறக்கியதும் நான் ஆரம்பித்துவிடுகிறேன். இதில் கரை ஒரு விரற்கடை கோணல். இதில் நடுவே ஓர் இழை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். இந்த நீலம் முதல் துவைப்பில் கொஞ்சம் இளகும், மூன்றாவதில் நின்றுவிடும், வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடு. "போதும்மா, இப்படிச் சொன்னா யாரு வாங்குவாக?" என்று சிரிக்கிறாள். அவள் என்னை 'நீங்க' என்கிறாள். நானும் அவளை 'நீங்க' என்று சொல்லிப் பார்த்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அவள் தெருமுனை திரும்பிவிடுகிறாள். ஆனாலும் உள்ளே வர முடிவதில்லை. எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமோ, கூப்பிட்டு நிறுத்தலாமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.