கரியாலூரில் வாங்கி வந்த லைப்ரரி

ஐப்பசி, புதன். வெள்ளிமலை.
காலைலேர்ந்து மூட்டம். சாமை காயல. மாத்திரை நாலு நாளைக்கு வரும்.
கவிதா அனுப்புன புது புரோக்ராம் தொறக்கல. அவ சொன்னபடி பழசை அழிச்சிட்டேன், அதுவும் இல்ல. அது ஓடுனா, விடியக்காலம் டவர் கெடச்சதும் லேப்டாப் அவ பேசி அனுப்புன குரலை வாங்கி வெச்சிக்கும். பட்டனை அழுத்துனா "ஆயா, மாத்தர போட்டியா?" எம்பேத்தி எழுதுனது. மெட்ராஸ்ல கம்பெனி வேலை. இந்த மலையில வேற எவ பேத்தி எழுதுனா?
இன்னிக்கி கஞ்சி, பேச்சில்லாம.

வியாழன்.
தூறல். டவருக்காக ரோட்டு வளைவு வரைக்கும் நடை. ஸ்கிரீன்ல இருந்ததைப் பாத்து வரைஞ்சிகினு போயி கவிதாவுக்கு போன்ல படிச்சேன். ஜி, எல், ஐ, பி, சி, ரெண்டு, புள்ளி, முப்பத்திநாலு. கடைசில நாட் ஃபவுண்ட்.
"ஐயோ, தப்பு என்னுது ஆயா. புது மிஷின்ல புரோக்ராமை கட்டிட்டேன்."
லிங்கர்னு ஒன்னாம். பூ கோக்கற மாதிரி எல்லாத்தையும் கோத்து, எந்த வயசு லைப்ரரி, அதான் எல்லா புரோக்ராமுக்கும் அடில இருக்கற ஃபைலு, வேணும்னு உள்ளயே முத்திரை குத்திடுமாம். நான் படிச்ச நம்பரு அதான். பழசுல கட்டுனா புதுசுலயும் ஓடும். புதுசுல கட்டுனா பழசுல ஓடாது.
"அப்ப பழசோட ஒத்துவராதுன்னு சொல்லு."
"உன்ன சொல்லல ஆயா. லேப்டாப்ப சொன்னேன்." சிரிக்கறா. "அங்க வந்துதான் கட்டணும். லீவு இல்ல. பொங்கலுக்கு வரேன்."
பொங்கலா! வேணாம், நானே பாத்துக்கறேன்னு வெச்சிட்டேன்.

வெள்ளி.
யோசிச்சிப் பாத்தேன். லைப்ரரி இல்லன்னுதான சொல்லுது? உறைக்கு மோர் இல்லன்னா பக்கத்து வூட்ல வாங்கறதில்லையா? லேப்டாப்போட ஜீப் ஏறி கரியாலூர். ஜெராக்ஸ் கடை முருகேசன்கிட்டயும் என்னுது மாதிரியே பெங்குவின் படம் போட்ட லினக்ஸ் கம்ப்யூட்டர், புதுசு.
"பெரியம்மா, இது வம்பு. பேத்திய ஒரு வார்த்த கேளுங்க."
"என் பேத்தி மிஷினு. நீ போடு."
அவன் கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த லைப்ரரி ஃபைலை பெண்டிரைவ்ல எடுத்து, என்னுதுல பழசு மேலயே போட்டான். பாஸ்வேர்டு நான்தான் சொன்னேன்.
செத்துப்போச்சு. ஒரு கமாண்டும் கேக்கல. அணைச்சிப் போட்டா கருப்பு.
முருகேசன் என் மூஞ்சிய பாக்கல. பெண்டிரைவை என்கிட்டயே குடுத்துட்டு, டீ வாங்கிக் குடுத்தான். குடிக்கல.

சனி.
வளைவு. கவிதாகிட்ட சொல்லிட்டேன்.
"அஸ்திவாரத்த உருவிட்டு பக்கத்து வூட்டு அஸ்திவாரத்த சொருவிக்கினியா ஆயா? மேல இருக்கறதெல்லாம் பழசு மேல நிக்குது!"
திட்டட்டும்.
"போன்ல ஆவாது. நைட்டு பஸ் புடிக்கறேன்."
கருவாடு. கத்திரிக்கா. தலகாணிக்கு ஒற.

ஞாயிறு.
வந்தா. எளைச்சிருக்கா. வேற பெண்டிரைவ்ல மிஷினை எழுப்பி, பழைய லைப்ரரியை அதும் எடத்துல வெச்சா. இந்த லேப்டாப்லயே புரோக்ராமை மறுபடி கட்டுனா. ஓடுது. ரெண்டு தட்டு களி தின்னா.
"இனிமே பயமில்ல ஆயா. அங்கயே இது மாதிரி பழசு ஒன்னு வெச்சி கட்டி அனுப்பறேன். இதுக்காக நான் வரவே தேவையில்ல."
சந்தோஷம்னேன்.

திங்கள்.
வெயில். சாமை காயுது. மொத பஸ்ஸுக்கு போயிட்டா.
பட்டனை அழுத்துனேன். "ஆயா, மாத்தர போட்டியா?" போட்டேன்னு சொன்னேன். அதுக்கு கேக்காது.
முருகேசன் குடுத்த, மிஷினை சாவடிச்ச பெண்டிரைவை தூக்கிப் போட சொல்லிட்டு போனா. போடல. கேவுரு பானைல, அடில இருக்கு.
பொங்கலுக்கு வரேன்னிருக்கா. பாக்கலாம்.