கப்பித் தொட்டியில் ஃபில்டர் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்
மகள் கயலின் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை. இரண்டு மாதமாக சிங்க்குக்கு அடியில் இருக்கும் ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். நாம் குடிப்பது, மீனுக்கு என்ன குறை? மாமா பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம். அமெரிக்காவில், இந்த சன்னிவேலில், பகலெல்லாம் அவருக்குப் பேச்சுத்துணை இந்த ஏழு கப்பி மீன்கள்தான்.

மார்ச் 9, ஞாயிறு
இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. கயல் அழுதாள். அடியில் சோற்றுப் பருக்கை கிடந்ததை அவள்தான் பார்த்தாள். "தாத்தா, யூ ஃபெட் தெம் ரைஸ்?"
"ஒரு நாலு பருக்கதான் கண்ணு. ஊர்ல கொளத்துல போட்டாத் திங்குமே."
"மாமா, இனிமே தொட்டியத் தொடாதீங்க" என்றேன். பன்னிரண்டு வயதுக் குழந்தை முன்னால்.

மார்ச் 10, திங்கள்
பி.எச். சோதனைக் குப்பியில் மஞ்சள். 6. அமிலம். ஏற்றுவதற்கு மருந்து வாங்கி ஊற்றினேன். 7.4க்கு வந்தது. சாயங்காலம் பார்த்தால் மறுபடி மஞ்சள். மறுபடி ஊற்றினேன்.

மார்ச் 12, புதன்
இன்னும் இரண்டு. மாமா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்
மீன் கடைக்கு ஒரு டப்பாவில் தண்ணீர் கொண்டுபோனேன். கடைப் பெண் ஒரே கேள்விதான் கேட்டாள்: எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? சொன்னேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள்தான் பி.எச்.சைப் பிடித்து நிறுத்துமாம். ஃபில்டர் அதையெல்லாம் எடுத்துவிடுகிறது. மீன் கழிவால் அமிலம் சேரச் சேரத் தடுக்க ஒன்றுமில்லை. மருந்து ஊற்றி நான் ஏற்றி இறக்கியது அதைவிட மோசம்.
சோறு? நான்கு பருக்கையால் இப்படி ஆகாது என்றாள்.
ஆபீசில் என் வேலையே தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது.
வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி
குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர், தினம் கொஞ்சம். தொட்டியின் ஃபில்டருக்குள் அமிலத்தைத் தணிக்கப் பவளச் சில்லுப் பை. ஏன் மாற்றுகிறாய் என்று கயல் கேட்டாள். "கடைல சொன்னாங்க" என்றேன். பொய்யில்லை. ச்சே.

மார்ச் 17, திங்கள்
கதிர் சொன்னான்: "அப்பா டிக்கெட்ட முன்னாடி மாத்தச் சொன்னார். இருபத்தெட்டுக்கு மாத்திட்டேன். கொழந்த மூஞ்சியப் பாக்க முடியலங்கறார்."
நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தேன்.
இப்பவாவது சொல்லேன்டி. எதுக்குப் பயம்? அவர் முன்னால் சின்னவளாகிவிடுவேன் என்றா? இன்னும் என்ன ஆக இருக்கிறது?

மார்ச் 19, புதன்
சொன்னேன். சாப்பிடும்போது, கயலை வைத்துக்கொண்டே. திட்டியதும் அவள் முன்னால்தானே.
"தப்பு என்னுதுங்க மாமா. நான் ஊத்துன ஃபில்டர் தண்ணிதான். உங்க சோறு இல்ல. ஆறு நாளா எனக்குத் தெரியும்."
"சிக்ஸ் டேஸ்?" என்றாள் கயல்.
மாமா மோரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். "அப்ப நான் போட்ட சோறு ஒன்னும் பண்லியா அம்மிணி?"
"இல்லீங்க மாமா."
இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.
டிக்கெட்டைப் பழைய தேதிக்கே மாற்றிவிடலாம் என்றேன். "இருக்கட்டும் அம்மிணி. போட்டது போட்டாச்சு."

ஏப்ரல் 6, ஞாயிறு
பி.எச். 7.4. பத்து நாளாக அசையவில்லை. மிச்சம் மூன்றும் நன்றாக இருக்கின்றன.
கோபியிலிருந்து வீடியோ கால். கயல் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்து, "தாத்தா, செவன் பாயின்ட் ஃபோர். சேம்" என்றாள். அவர் சிரிப்பது கேட்டது. பிறகு தமிழில், "அம்மாகிட்ட குடுக்கவா?" என்றாள்.
"வேண்டாங் கண்ணு. அவளுக்கு வேல இருக்கும்."
பக்கத்து சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றுமில்லை.