புகையின் மேல் போட்ட பழி

போடிநாயக்கனூர்
20 ஜனவரி 1914

அன்புள்ள மச்சானுக்கு,

குரங்கணியில் மழை நின்றதா, ஏலக்காய் எடுப்பு முடிந்ததா என்று விசாரித்தே மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அக்காவின் பார்வை மங்கியதைப் பற்றிப் பேசச் சாவடியில் கூடினோமே, அன்று அப்பா உங்களிடம், "ஏலக்காய் வாட்டுற புகையில நிக்கவச்சே எம்மக கண்ண அவிச்சுப்புட்டீகளே" என்றார்.

"அதே புகையிலதான மாமா நானும் நிக்கிறேன்? எனக்கு நல்லாத்தான தெரியுது?"

"எருமைக்குப் புகை ஒறைக்குமா?" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நீ பட்டணத்துல படிச்சவன். நீ சொல்லு மாப்ளே."

புகைதான் என்றேன்.

அன்றே அக்காவை உங்களிடமிருந்து பிரித்துக் கூட்டி வந்தோம்.

புகை இல்லை, மச்சான். அதற்கு ஒரு மாதம் முன்பே சென்னையில் கண் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். கருவிழியின் மேல் கண்ணாடி போல இருக்கும் படலம் மெலிந்து, கூம்பாக முன்னே தள்ளுகிற அபூர்வ வியாதி இது. கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்றார். அவர் பார்த்தது என் கண்ணை. கீழே பார்க்கும்போது என் கீழிமை முனையாகப் பிதுங்குகிறது. அக்காவுக்கும் அப்படியே.

சொன்னால் எனக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வேறு காரணம் இல்லை.

முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கிறது. பெண் வீட்டுக்கும் இதையே எழுதிவிட்டேன். இரண்டு கடிதத்தையும் இன்றே தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை வாருங்கள். அதே சாவடியில், அதே ஆட்கள் முன்னால் சொல்கிறேன்.

அக்காவிடம் காலையில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அவுக எப்ப வருவாக?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் மைத்துனன்