வேலிக்கு வெளியே தாழிமேடு

அனுப்புநர்
வெ. முத்துப்பேச்சி, எம்.ஏ. (வரலாறு),
கிழக்குத் தெரு, ஏழாயிரம்பண்ணை அஞ்சல்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: தாழிமேடு எனப்படும் பழங்கால ஈமத்திட்டில் மண் அள்ளுவதை நிறுத்தவும், தவறான இடத்தில் போட்ட வேலியை மாற்றவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேற்கே புறம்போக்கில் தாழிமேடு உள்ளது. வட்டமாக 34 கற்கள்; குறுக்களவு 21 மீட்டர். மழை பெய்தால் முதுமக்கள் தாழிகளின் விளிம்பு வெளியே தெரியும். 2011 முதல் மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் வரைந்தேன். சரிபார்த்தது போதாது என்று எங்கும் அனுப்பவில்லை.

2. மதுரையில் என்னுடன் எம்.ஏ. படித்த பேராசிரியை லட்சுமிகாந்தம் சென்ற ஆண்டு அந்த நோட்டை வாங்கி, ஒரு மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார். கடந்த மே மாதம் அவர் "கண்டுபிடித்த" ஈமத்திட்டு நாளிதழில் வந்தது. ஜூனில் ஒரு தனியார் பாரம்பரியக் கழகம் வேலி போட்டு, அவர் பெயருடன் பலகை வைத்தது. விழாவில் அவருக்கு மூன்று சால்வைகள். நான் ஐந்தாம் வரிசையில் இருந்தேன். அவர் நன்றாகப் பேசுவார், படிக்கும்போதும் அப்படித்தான்.

3. வேலிக்குள் இருப்பது ஈமத்திட்டு அன்று. மூடிப்போன பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறை வெடித்தால் தடுப்பதற்காக 1994-இல் எழுப்பிய மண்கரை. டிராக்டரில் மண் வந்து கொட்டியதைப் பதினேழு வயதில் பார்த்தவள் நான். அந்த மண் தாழிமேட்டின் ஓரத்தில் வெட்டியது. அதனால்தான் கரையில் கருப்பு சிவப்பு ஓடுகள் கிடைக்கின்றன. நோட்டில் இடம் குறிக்கவில்லை; ஓடுகளைப் பார்த்து இதுதான் மேடு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஓடுகள் பழையவை, கரை புதியது. பலகையில் 34 கற்கள் என்று எழுதியிருக்கிறது. வேலிக்குள் ஒரு கல்கூட இல்லை. அந்த எண் எந்த நோட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

4. இதை விழா அன்றே அறிந்தேன். சொல்லவில்லை. விவரம் தெரிந்த யாராவது வந்து, பலர் முன்னிலையில் அவர் தவறு வெளிப்படட்டும் என்று ஏழு வாரம் காத்திருந்தேன். மனுவில் எழுதத் தக்கதன்று. ஆனால் தாமதத்துக்குக் காரணம் கேட்பீர்கள்.

5. அதற்குள், புதிதாக வரும் ஒரு பட்டாசு ஆலையின் தடுப்புக் கரைக்காக உண்மையான தாழிமேட்டில் ஜேசிபி இறங்கிவிட்டது. ஒன்பது கற்கள் பெயர்ந்துவிட்டன. நான் குறுக்கே நின்றபோது ஓட்டுநர் ஒச்சப்பன், "யக்கா, போர்டு அங்கனல்லா வச்சிருக்காக? அதத் தொட்டா கேளுங்க. இது சும்மா கெடக்குற மேடுதானே" என்றார். அவர் மேல் குற்றமில்லை. பலகையை நம்பினார்.

6. ஆகவே, மண் அள்ளுவதை இன்றே நிறுத்தி, தொல்லியல் துறையினரை அனுப்பி, வேலியை 200 மீட்டர் வடக்கே மாற்ற உத்தரவிட வேண்டுகிறேன். நோட்டின் நகல் இணைத்துள்ளேன். பலகையையும் அப்படியே பெயர்த்துத் தாழிமேட்டில் நடலாம்; அதிலுள்ள அளவுகள் சரியானவை. கற்களின் எண்ணிக்கையை மட்டும் 25 என்று திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தில் என் பங்கும் உண்டு. பலகையிலுள்ள பெயர் குறித்த ஆட்சேபணையைத் தனி மனுவாகத் தருகிறேன். முதலில் வேலி.

இடம்: ஏழாயிரம்பண்ணை
நாள்: 11.08.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
வெ. முத்துப்பேச்சி