ஓங்கிச் சாத்த வேண்டிய கதவு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் கார்க் கதவை ஓங்கிச் சாத்திவிட்டேனாம். "மெதுவாம்மா, மெதுவா! புது வண்டி!" என்று நடுத்தெருவில் கத்துகிறான், நான் பெற்ற மகன். கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்த புண்ணியமெல்லாம் அந்த ஒரு கத்தலில் போயிற்று. இவன் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் கார்க் கதவு சாத்துகிறேன். இவனுடைய கதவு சாத்தினால் சத்தமே வராது. சாத்தியாயிற்றா இல்லையா என்று அதனிடமே கேட்க வேண்டும் போல.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான். அவன் வண்டி தெருவில் மரத்தடியில் நிற்கிறதாம். மேலே பறவை எச்சம் விழுகிறதாம். ஷெட்டில் "அந்தத் துருப்பிடிச்ச சாமான்" இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம்.

சாமான்! அந்தச் சாமானில்தான் இந்த ஊர்ப் பெண்கள் பாதிப்பேருக்கு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்து இருக்கையில் என் காலடியில் எனக்கென்று தனி பிரேக் வைத்த வண்டி அது. இவன் அப்பா போன பிறகு இந்தக் குடும்பம் ஓடியதே அதன் நாலு சக்கரத்தில்தான். இன்ஜினை இன்றுவரை விடாமல் கிளப்பி வைத்திருக்கிறேன். உடம்புத் தகரம்தான் போய்விட்டது.

"அது இனிமே ரோட்டுக்கு வராதும்மா. ஆர்.டி.ஓ. பரிசோதனையில தேறவே தேறாது."

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மே மாசக் கடைசிக்குள்ள தேறலைன்னா நானே பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துடறேன், போடா!" என்று விட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் அப்படியே நின்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்ச் 4, புதன்

ஏன் மே என்றேன்? டிசம்பர் என்று சொன்னால் வாய் வலிக்குமா? சொன்னது சொன்னதுதான். அவனிடம் போய்த் தவணை கேட்க மாட்டேன், செத்தாலும்.

மார்ச் 8, ஞாயிறு

என் தம்பியை வரச்சொன்னேன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று வாழ்நாள் முழுக்க வெல்டிங் செய்கிறவன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கார் என்னக்கா பெரிய காரு? சக்கரம் வச்ச கேட்டு" என்றான். அப்போதே அவனைத் துரத்தியிருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தக்காளி மாதிரிக் காந்தத்தை மருமகள் எடுத்துவந்து கொடுத்தாள். அதைத் தகரத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். இரும்பு இருக்கிற இடத்தில் பிடிக்கும். வெறும் பட்டி பூசின இடத்தில் விழுந்துவிடும். கூரையில் பிடித்தது. கதவில் முக்கால்வாசி பிடித்தது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே சட்டம், அங்கே வைத்தால் பொத்தென்று விழுகிறது. இந்தப் பக்கமும் விழுகிறது, அந்தப் பக்கமும் விழுகிறது.

ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள்! துருவை வெட்டி எடுத்துத் தகரம் வைக்காமல், ஓட்டைக்குள் காகிதத்தை அடைத்து, மேலே பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று என் கையில் கொடுத்திருக்கிறான் அந்தக் காலத்துப் பட்டி மாஸ்டர். இந்த வண்டிக்கு அடியில் தனியாகச் சேசிஸ் கிடையாது. இந்த இரண்டு சட்டமும்தான் முதுகெலும்பு. காகித முதுகெலும்போடு எத்தனை பெண்களை நான் மெயின் ரோட்டில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! பாவி. நீ நல்லா இருப்பியாடா? எங்கே இருந்தாலும் உன் வீட்டுக் கூரை ஒழுகட்டும்.

மார்ச் 14, சனி

கிரைண்டர் சத்தம் பொறுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர் வீட்டு நாய் வருடம் முழுக்கக் குரைத்தபோது நான் தலையை நீட்டினேனா என்று கேட்டேன். தலை உள்ளே போயிற்று.

மகன் ஒரு நாள்கூட ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. அவன் பெண்டாட்டிதான் தினமும் வேலை விட்டு வந்ததும் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறாள். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பேச்சும் இல்லை. கழற்றி வைத்த ஓட்டுநர் பக்கத்துக் கதவை வெறும் இரும்பு தெரிகிறவரை தேய்த்துவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது, கோபத்தில்.

இன்று மருமகளிடம் விளையாட்டாகக் கேட்டேன். "இவ்வளவு தேய்க்கிறியே, ஓட்டத் தெரியுமா உனக்கு?" அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "லைசென்ஸ் இருக்கு அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்தேன்."

"அப்புறம் ஏன் ஓட்டுறதில்ல?"

"அவர் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். கீறல் விழுந்துடுமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஊதித் தூளைத் தட்டிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

ஊரெல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். என் வீட்டுப் பெண் மடியில் கையை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள்! அவள் அந்தப் பக்கம் உட்காருவதைத் தினமும் பார்க்கிறேனே, அவளுக்குப் பிடித்த இடம் என்றுதானே நினைத்தேன்?

மாலையில் அவனைப் பிடித்தேன். "கீறல் விழுந்தா யாரும்மா பாக்குறது?" என்கிறான். "நீ பாருடா! கீறல் விழுந்தா நீ பாரு! நீ சைக்கிள் ஓட்டின அழகுக்கு இந்த வீட்டுச் சுவரெல்லாம் கீறல், நான் பாக்கல?" அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வண்டிக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

இந்த வண்டி தேறியே ஆக வேண்டும். எனக்காக இல்லை இனிமேல்.

ஏப்ரல் 1, புதன்

பழைய இரும்புக் கடைக்காரன் வந்து நிற்கிறான். "உங்க மகன் சும்மா பாத்து வச்சுக்கச் சொன்னாரு" என்கிறான். என் வாசலில், எனக்குத் தெரியாமல், இப்போதே! சாய்த்து வைத்திருந்த கதவை அவன் தொட்டான். கையில் இருந்த சுத்தியலை நான் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆள் பறந்துவிட்டான்.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதவே வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கதவு இருந்த திறப்பில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் செய்துவிட்டுத்தான் கீழ்ச் சட்டத்தை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வெட்டி, புதுத் தகரம் வைத்து முடித்த பிறகுதான் மறு பக்கம். "சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டினான். மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன் — இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டிருக்கிறான். குழாய் இல்லை. வண்டி முன்னும் பின்னும் ஸ்டாண்டில் அந்தரத்தில் நிற்கிறது. நடு உடம்பு தொங்கிவிட்டது. கூரை ஓரத்தில் ஒரு மடிப்பு.

கதவைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். நுழையவே இல்லை. மேலே இடிக்கிறது, கீழே கை நுழைகிற இடைவெளி.

"நேரம் மிச்சமாகட்டும்னுதான்க்கா… கேட்டுன்னா இப்படித் தொங்காது."

"கேட்டைத் தரையில கிடத்தி வெட்டுவ! இது தரையிலயாடா கிடக்கு? கண்ணு இருக்கா இல்லையா உனக்கு? குட்டிச்சுவராக்கிட்டியேடா! அவன் சிரிப்பான்டா, உன்னால அவன் சிரிப்பான்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவனும் சொன்னான். "இனிமே உன் வாசப்படி மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று வெல்டிங் கண்ணாடியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

போகட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

மகன் முதல் முறையாக ஷெட்டுக்குள் வந்தான். பார்த்தான். சிரிக்கவில்லை. "விட்டுடும்மா" என்றான். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 13, திங்கள்

ஜாக்கி வைத்து நடுவில் தூக்கினால் நிமிரும். நிமிர்ந்ததும் அப்படியே பிடித்து நிறுத்தக் குறுக்கே குழாய் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு வெல்டர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வெல்டர் என் வாசப்படி மிதிக்க மாட்டான். நான் அவனைக் கூப்பிடப்போவதும் இல்லை.

ஆக, வண்டி தொங்கிக்கொண்டே இருக்கட்டும். நானும் இப்படியே இருக்கிறேன். நல்ல குடும்பம்!

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் வாசலில் தம்பி. தோளில் நாலைந்து இரும்புக் குழாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்க வைக்கணும்?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது. மருமகள் போன் செய்திருக்கிறாள். "அத்தை மூணு நாளா சாப்பிடல, ஷெட்ல உக்காந்து அழுதுகிட்டே இருக்காங்க மாமா" என்று சொல்லியிருக்கிறாள். அழுதேனா? நானா? நேற்று ராத்திரி மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்! வாயே திறக்காத பெண் என்று நினைத்தால், திறந்தால் இப்படியா?

"ஏன் பொய் சொன்ன?" என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "உண்மையச் சொன்னா வருவாங்களா அத்தை?" என்கிறாள். கண்ணை இமைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நடுவில் மரப்பலகை, அதற்கு அடியில் இரண்டு ஜாக்கி. ஒன்றை நான் பிடித்தேன், ஒன்றை மருமகள். தம்பி கூரைக்கு எதிரே குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம்… கொஞ்சம்… நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்தணும்க்கா!" என்று கத்துகிறான். என்னைப் பார்த்துக் கத்துகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தகரம் முனகியது. கூரை மடிப்பு மெல்லத் தளர்ந்தது. அவன் குழாயைக் குறுக்கே வைத்து ஒட்டினான். இந்தத் தடவை ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறு பக்கம். நான் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. அவனை நம்பச் சொல்கிறீர்களா?

மே 9, சனி

இரண்டு பக்கச் சட்டமும் புதுத் தகரம். காந்தம் வைத்தால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். தம்பி அதை வைத்து வைத்து எடுத்துக் காட்டுகிறான், போகிற வருகிற எல்லோருக்கும்.

கதவுகளை மாட்டினோம். மூன்று கதவு பொருந்திவிட்டது. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் அடம்பிடிக்கிறது. மெதுவாகச் சாத்தினால் பூட்டுப் பிடிக்காமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கீலைத் தளர்த்தினோம், இறுக்கினோம், தட்டினோம். தொங்கின தொங்கலில் ஏதோ ஒரு நூலளவு நிமிராமலேயே நின்றுவிட்டது. கடைசியில் எரிச்சலில் ஓங்கி ஒரு அறை விட்டேன். சாத்திக்கொண்டது. கச்சிதமாக.

"இதை ஓங்கித்தான் சாத்தணும்" என்றான் தம்பி, ஏதோ அவனே திட்டமிட்டுச் செய்த மாதிரி.

மே 17, ஞாயிறு

பெயிண்ட். அதே பழைய வெளிர் பச்சை. பின்பக்கம் ஓர் இடத்தில் வழிந்துவிட்டது. யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மே 27, புதன்

பரிசோதனை. ஆய்வாளர் சிரிக்கவே தெரியாத மனிதர். அடியில் படுத்து டார்ச் அடித்தார். கீழ்ச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். குத்தினார், மறுபடி குத்தினார். உள்ளே போகவில்லை. எனக்கு மூச்சும் போகவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து சாத்தினார். பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஓங்கி அடிங்க சார்" என்றேன்.

அடித்தார். பூட்டுப் பிடித்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "சாத்துதுல்ல, போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

தம்பி அந்த இடத்திலேயே அழுதான். நான் திட்டினேன். என்ன செய்வது, எனக்கு வருவது அதுதான்.

சாயங்காலம் சான்றிதழை மகனுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். "சரி, தேறிடுச்சு. இனிமே யாரு ஓட்டப்போறா இதை? உனக்குக் கண்ணு சரியில்ல" என்றான். மருமகள் தட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளோடு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லேன்டி! எனக்காகப் பொய் சொல்லத் தெரிந்தது, உனக்காக ஒரு உண்மை சொல்ல வராதா?

மே 31, ஞாயிறு

காலையில் ஷெட்டுக் கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு அவனுடைய கார். மரத்தில் பறவை அதிகமாம், பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்க வண்டிய எடுங்க."

மருமகள். கையில் பச்சை வண்டியின் சாவி.

"எங்க போற?"

"அத்தையோட."

"நீயா ஓட்டப்போற?" அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் அங்கேயே நின்றாள். அவன் போய் அவன் வண்டியை எடுத்து மரத்தடியில் விட்டான்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கதவை இழுத்தாள். பிடிக்கவில்லை.

"மெதுவா! மெதுவா சாத்து!" என்றான் அவன் வெளியிலிருந்து. பழக்க தோஷம்.

அவள் அவனைப் பார்த்தாள். கதவை முழுசாகத் திறந்தாள். ஓங்கிச் சாத்தினாள். மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டன. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

முனை திரும்பி, கடைத்தெரு கடந்து, மெயின் ரோடு வரைக்கும் போய் வந்தோம். என் காலடியில் இருந்த பிரேக்கை நான் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.